ஒன்றரை பைசா தூக்கம்

ராத்திரி இரண்டரை மணி. சேலத்திலிருந்து கோவை போகிற ரோட்டில், சங்ககிரி தாண்டி ஒரு டீக்கடை. காரை ஓரம் கட்டிவிட்டு டீ சொன்னேன். பக்கத்து காலி மைதானத்தில் ஏழெட்டு லாரிகள். அதில் ஒரு கண்டெய்னர் மட்டும் கடையின் பக்கவாட்டுச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றது. ஒட்டி என்றால், நடுவே ஒரு நோட்டுப் புத்தகம்கூட நுழையாது.

டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். டீ கிளாஸோடு லாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். "இடம்தான் இவ்வளவு இருக்கே அண்ணா, ஏன் செவுத்துல முட்டி நிறுத்தியிருக்கீங்க?" என்று கேட்டேன். பட்டணத்து அசட்டுக் கேள்வி!

அவர் சிரித்தார். "கதவு பின்னாடி இருக்குதுங்க. செவுரு இருந்தா எப்படித் தொறப்பான்?"

"யாரு?"

"அதான் தெரியாதுங்களே! தெரிஞ்சா நிம்மதியா தூங்கலாமே!"

அடுத்த அரை மணி நேரம் அவர் எனக்கு ஒரு வகுப்பே எடுத்தார். பி.காம். படித்த மூன்று வருஷத்தில் இவ்வளவு கவனமாக நான் பாடம் கேட்டதில்லை.

சுவர் கிடைக்காவிட்டால் இன்னொரு கண்டெய்னரோடு முதுகுக்கு முதுகு சேர்த்து நிறுத்த வேண்டும். தார்ப்பாய் போட்ட லாரி என்றால், கயிற்றின் முடிச்சுகளைப் படுக்கும் முன்னால் ஒரு தடவை தொட்டுப் பார்த்து மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். எழுந்ததும் முடிச்சு அதேதானா என்று பார்க்க வேண்டும். டீசல் டேங்க் இருக்கிற பக்கம் பக்கத்து வண்டியை நெருக்கிக்கொள்ள வேண்டும். டேங்க் வாய்க்குள் டியூப் இறங்காதபடி சல்லடை, மூடிக்குப் பூட்டு. பேட்டரிப் பெட்டிக்கு இரும்புப் பட்டை வைத்து வெல்டிங், அதற்கு மேல் ஒரு பூட்டு. ஸ்டெப்னிக்குச் சங்கிலி.

கேபினில் படுத்தால் இரண்டு பக்கக் கதவுக் கைப்பிடிகளையும் உள்ளிருந்து ஒரே கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் கண்ணாடியை முழுசாக ஏற்றிவிடக் கூடாது. ஏற்றினால் வெளியே சத்தம் கேட்காது. வெயில் காலத்தில் லோடு மேலேயே ஏறிப் படுத்துவிடுவது உத்தமம். இருட்டான இடத்தில் தனியாக நிறுத்தவே கூடாது. பெட்ரோல் பங்க் வெளிச்சம் அல்லது நாலு நம்ம ஊர் வண்டி. டி.என். 28, 30, 34, 52 என்று நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் ஒரு தெம்பு. நாமக்கல், சேலம், திருச்செங்கோடு, சங்ககிரி வண்டிகள் என்றால் முறை வைத்துக்கொண்டு ஒருத்தர் தூங்க ஒருத்தர் முழித்திருக்கலாம். அறிமுகமில்லாதவன் டீ வாங்கிக் கொடுத்தால், "இப்பத்தாங்க குடிச்சேன்" என்று சொல்லிவிட வேண்டும்.

"இத்தனையும் பண்ணிட்டுத் தூங்குவீங்களா?" என்றேன்.

"தூங்கறதா? அதெல்லாம் வூட்டுக்குப் போயித்தானுங்க. இங்க கண்ணை மூடிப் படுத்திருப்போம். அவ்ளோதான்."

இதை இங்கேயே நிறுத்தினால் நீங்கள், "அடடா, என்ன சாமர்த்தியம் நம்ம டிரைவர்களுக்கு!" என்று ஒரு 'உச்' கொட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடுவீர்கள். அந்த 'உச்'சில்தான் எனக்குக் கோபம். ஒரு மனிதன் சுவரைத் தேடி முதுகைச் சாய்ப்பதும், கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு படுப்பதும் சாமர்த்தியம் இல்லை. கதியில்லாமை! பல லட்ச ரூபாய்ச் சரக்கைக் காவல் காக்க இந்த நாடு செய்திருக்கிற ஏற்பாடு, ஒரு டிரைவரின் தூக்கத்தைப் பிடுங்கிக்கொள்வது. அதுவும் இலவசமாக.

இலவசம் என்று சும்மா சொல்லவில்லை. கணக்குப் போட்டே சொல்கிறேன்.

ஒரு லாரி வாடகையைப் பிரித்துப் பாருங்கள். டீசல், டோல், டயர் தேய்மானம், ஃபைனான்ஸ் டியூ, இன்ஷூரன்ஸ், ரோடு டாக்ஸ், புரோக்கர் கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, டிரைவர் பேட்டா. வழியில் கைமாறும் 'இதர செலவு'களும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி இருக்கிறது. 'ராத்திரி நிறுத்தும் இடத்தில் காவல்' என்று ஒரு பத்தி எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. செலவு இல்லாத இடத்தில் வேலை நடக்கிறது என்றால், அந்த வேலையை யாரோ ஒருவர் சம்பளம் இல்லாமல் செய்கிறார் என்று அர்த்தம். கணக்குப் பதிவியலில் இது முதல் வருஷப் பாடம்.

சரி, சரக்கு போய்விட்டது. நஷ்டம் யாருக்கு? சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 1865-ல் வெள்ளைக்காரன் போட்ட கேரியர்ஸ் சட்டம் ஒன்று இருந்தது. அதன் இடத்தில் 2007-ல் புதிய சட்டம் வந்து 2011 மார்ச்சில் அமலுக்கு வந்தது. இரண்டுமே பொறுப்பைச் சுமத்துவது சரக்கை ஏற்றுக்கொண்ட டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் மேல். ஸ்டியரிங் பிடித்தவர் மேல் இல்லை.

நடப்பது என்ன? சரக்கு இறங்குமிடத்தில் நாலு மூட்டை குறைந்தால் எல்.ஆர். ரசீதில் 'ஷார்ட்டேஜ்' என்று எழுதுவார்கள். லாரிக்காரருக்கு வரவேண்டிய பாக்கி வாடகையில் அது பிடித்தம். லாரிக்காரர் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ வண்டி வைத்துக்கொண்டு மாசா மாசம் டியூ கட்டத் திணறுகிறவர். அவர் பிடித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? டிரைவர். கம்பெனி லாரிக்காரரைக் கைகாட்ட, லாரிக்காரர் டிரைவரைக் கைகாட்ட, டிரைவர் கைகாட்ட ஆள் இல்லாமல் சொந்தச் சட்டைப்பையைத் தடவுகிறார். தொழிலாளியின் அலட்சியத்தால்தான் நஷ்டம் என்றால் மட்டுமே சம்பளத்தில் பிடிக்கலாம், அதற்கும் முதலில் அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது 1936-லிருந்தே சட்டத்தில் இருக்கிற விதி. விளக்கம் கேட்கிறார்களா? கேட்கிறார்கள். ஒரே கேள்விதான். "தூங்கிட்டியா?"

"தூங்கினவன் கன்று கடாக்கன்று" என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. நீ தூங்கினால் உன் பசு போட்ட கிடாரிக் கன்றைத் தூக்கிக்கொண்டு போய், கடாக்கன்றை வைத்துவிடுவான் பக்கத்துக்காரன். மாட்டுக்குச் சொந்தக்காரனுக்குச் சொன்ன எச்சரிக்கை அது. இங்கே பசு ஒருவருடையது, கன்று இன்னொருவருடையது, கொட்டகையே கிடையாது. கடாக்கன்றுக்கு மட்டும் மேய்க்க வந்தவன் பொறுப்பு!

"இன்ஷூரன்ஸ் இருக்கே சார்?" என்பீர்கள். லாரி இன்ஷூரன்ஸ் லாரிக்குத்தான். உள்ளே இருக்கும் சரக்குக்குத் தனியாக எடுக்க வேண்டும். உள்நாட்டுச் சரக்குப் போக்குவரத்து பாலிசியில் ஏ, பி, சி என்று மூன்று வகை. 'சி' எடுத்தால் தீ, இடி மின்னலுக்குத்தான் காசு. 'பி' எடுத்தால் அதோடு மோதல், கவிழ்தல், பாலம் உடைதல். திருட்டு போனால் காசு வேண்டும் என்றால் 'ஏ' எடுக்க வேண்டும், இல்லை தனியாகச் சேர்த்து எழுத வேண்டும். பிரீமியம் அதற்கேற்ற மாதிரி கூடும். பிரீமியத்தை மிச்சம் பிடிக்கிறவர் ஒருவர், ராத்திரி முழித்திருக்கிறவர் இன்னொருவர்.

இப்போது சட்டம் டிரைவரின் தூக்கத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961-ம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது பழைய சட்டம் போனது. எட்டு என்ற எண் மட்டும் போகவில்லை. அறுபது வருஷத்துக்கு மேலாகக் காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது.

அந்த எட்டு மணிக்கு உயிர் கொடுக்க ஒரு வழி இருந்தது. நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் என்ற விதி. அது 2018-ல் தளர்த்தப்பட்டது. ஒருவரே போதுமாம். கிளீனர் என்ற பையனோ எப்போதோ காணாமல் போய்விட்டான். முன்பு டிரைவர் தூங்கினால் கிளீனர் லாரிக்கு அடியில் துண்டை விரித்துக் காவல் இருப்பான். இன்று ஸ்டியரிங்கும் அவர்தான், கிளீனரும் அவர்தான், கூர்க்காவும் அவர்தான். மூன்று ஆள் வேலைக்கு ஒரு ஆள் பேட்டா.

போலீஸ்? அவர்களால் முடியாது என்று நான் சொல்லமாட்டேன். முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே மூன்று சாட்சிகள் இருக்கின்றன.

2016 ஆகஸ்ட். சேலத்திலிருந்து சென்னைக்கு ரிசர்வ் வங்கிக்குப் போன பணம், 342 கோடி ரூபாய். ரயில் பெட்டியின் கூரையில் ஓட்டை போட்டு 5.78 கோடியை அள்ளிப் போனார்கள். துப்பாக்கியோடு போலீஸ் காவல் போன ரயில் அது! சி.பி.சி.ஐ.டி. விடாமல் துரத்தி, இரண்டு வருஷம் கழித்து மத்தியப் பிரதேசக் கும்பலைப் பிடித்தது.

2020 அக்டோபர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மும்பைக்குச் செல்போன் ஏற்றிப் போன கண்டெய்னரைக் கிருஷ்ணகிரி மாவட்டம் மேலுமலை பக்கத்தில் வழிமறித்தார்கள். டிரைவர்களை அடித்துக் கட்டிப் போட்டுவிட்டு, சுமார் 15 கோடி ரூபாய் சரக்கைக் கொண்டுபோனார்கள். தனிப்படைகள் மத்தியப் பிரதேசம் வரை போய் ஆட்களைப் பிடித்தன.

2024 செப்டம்பர் 27. திருச்சூரில் மூன்று ஏ.டி.எம்.களை உடைத்து, அறுபது லட்சத்துக்கும் மேல் பணத்தோடு, காரையே கண்டெய்னருக்குள் ஏற்றிக்கொண்டு வந்த கும்பலை நாமக்கல் மாவட்டப் போலீஸ் குமாரபாளையத்திலிருந்து துரத்தி, வெப்படை பக்கத்தில் மடக்கியது. கும்பலில் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். டி.வி.யில் நாள் முழுக்க அதே காட்சி.

மூன்றிலும் போலீஸுக்கு ஒரு சபாஷ். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரயில் பணம் போனபோது, இன்ஜின் டிரைவரிடம் "தூங்கிட்டியா?" என்று யாராவது கேட்டார்களா? காவல் போன போலீஸ்காரரின் சம்பளத்தில் 5.78 கோடி பிடித்தம் செய்தார்களா? கோடி போனால் தனிப்படை. ஒரு லாரியின் தார்ப்பாயைக் கிழித்து நாலு மூட்டை ஜவ்வரிசியோ, இரண்டு அட்டைப்பெட்டி சாமானோ, நூறு லிட்டர் டீசலோ போனால்? "எந்த இடத்துல போச்சுன்னு உனக்கே தெரியலை. இது எங்க லிமிட்டா, அடுத்த ஸ்டேஷனா?"

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கியாக வேண்டும். அதே நாளில் வந்த நியாய சன்ஹிதாவின் 305-வது பிரிவு, சரக்கு வண்டியிலிருந்து பொருள் திருடினால் ஏழு வருஷம் வரை சிறை என்கிறது. பழைய சட்டத்தில் சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருஷம்தான். ஆக, தண்டனை கூடியிருக்கிறது, எல்லைப் பிரச்னை தீர்ந்திருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் டிரைவர் புகார் கொடுக்கப் போவாரா? அங்கே ஒரு நாள் உட்கார வேண்டும். லோடு நேரத்துக்குப் போய்ச் சேராது. முதல் சந்தேகமும் அவர் மேல்தான் விழும். போன மூட்டையோடு போகட்டும் என்று சாவியைத் திருகிவிடுவார். திருடனுக்கு இது தெரியும். புகார் இல்லாத திருட்டு எந்தக் கணக்கிலும் ஏறாது. கணக்கில் ஏறாத குற்றத்துக்கு எந்த அதிகாரி ரோந்து போடுவார்?

"டிரைவர்களே திருடுகிறார்கள் சார், உங்களுக்குத் தெரியாது" என்று ஒரு லாரி ஆபீஸ்காரர் என்னிடம் சொன்னார். தெரியும். வழியில் டீசல் விற்கிறவர்களும் உண்டு, லோடையே விற்றுவிட்டு ஓடியவர்களும் உண்டு. சரக்கை நம்பி ஒப்படைக்கப்பட்டவர் மோசம் செய்தால் அதற்கும் ஏழு வருஷம் வரை சட்டத்தில் இடமிருக்கிறது. பிடித்துப் போடுங்கள். அதற்காக எல்லா டிரைவரையும் பாதித் திருடனாகவே நடத்துவது என்ன நியாயம்? பேங்க்கில் ஒரு கேஷியர் பணத்தைச் சுருட்டினால், மற்ற கேஷியர்களை ராத்திரி லாக்கர் வாசலில் படுக்கச் சொல்கிறோமா? அப்புறம் இன்னொரு விஷயம். பூட்டிய கேட்டும், கேமராவும், உள்ளே வெளியே போகும் நேரப் பதிவும் இருக்கிற இடத்தில் வண்டி நின்றால், கெட்ட டிரைவரும் மாட்டுவார், நல்ல டிரைவரும் தப்பிப்பார். சந்தேகப்படுகிறவர்கள்தான் முதலில் அந்த இடத்தைக் கேட்க வேண்டும்.

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய். புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். நல்ல விஷயம். தேசிய நெடுஞ்சாலைகளில் டிரைவர்களுக்காக ஆயிரம் ஓய்வு இல்லங்கள் என்று பிரதமர் 2024 பிப்ரவரியில் அறிவித்தார். அதுவும் நல்ல விஷயம். ஆனால் சங்ககிரி டிரைவர் சொன்னதை மறுபடி படியுங்கள். "கண்ணாடியை ஏற்றினால் சத்தம் கேட்காது." ஏ.சி. போட்டுக் கண்ணாடி ஏற்றித் தூங்க அவருக்குத் தைரியம் எங்கிருந்து வரும்? ஓய்வு இல்லத்தில் மெத்தை போட்ட கட்டில் இருக்கலாம். லாரி கண்ணுக்கு எட்டாத தூரத்தில் காவலின்றி நின்றால், அவர் கட்டிலை விட்டுவிட்டுக் கேபினில்தான் வந்து படுப்பார். கட்டில் தூக்கம் தராது ஐயா. காவல்தான் தூக்கம் தரும்.

அமெரிக்காவில் 2009-ல் ஜேசன் ரிவன்பர்க் என்ற லாரி டிரைவர், லோடு இறக்குமிடத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டார். பாதுகாப்பான இடம் கிடைக்காமல், கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினார். கொள்ளையன் ஒருவன் சுட்டுக் கொன்றான். கிடைத்தது ஏழு டாலர். அவருடைய மனைவி விடவில்லை. ஊர் ஊராகப் போய்ப் போராடினார். 2012-ல் லாரிகளுக்குப் பாதுகாப்பான நிறுத்துமிடம் கட்டுவதற்கான 'ஜேசன் சட்டம்' வந்தது. ஐரோப்பாவில் லாரி நிறுத்துமிடங்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று பாதுகாப்புத் தரம் பிரித்து முத்திரை கொடுக்கிறார்கள். நிறுத்துமிடம் என்பது தொழிலின் ஒரு பாகம் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. நமக்கு அது ரோட்டோரம்.

இத்தனைக்கும் நாமக்கல், சேலம் பக்கம் இந்தியாவுக்கே லாரி கட்டிக் கொடுக்கிற பூமி. பாடி கட்டுகிற பட்டறைகள் நாமக்கல்லில், ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டில், கேஸ் டேங்கர்களுக்கும் முட்டை லாரிகளுக்கும் தலைநகரமே நாமக்கல்தான். லாரிக்கு உடம்பு கட்டத் தெரிந்த ஊருக்கு, அது படுக்க ஒரு கொட்டகை கட்டத் தெரியாதா?

"எல்லாம் சரி, செலவு? விலைவாசி ஏறிடுமே!" இதுதான் கடைசிக் கேள்வி, இல்லையா? வாருங்கள், இதையும் கணக்குப் போட்டுவிடுவோம்.

மதில் சுவர், விளக்கு, கேமரா, இரண்டு வாட்ச்மேன், கக்கூஸ், குளிக்கத் தண்ணீர். ஒரு லாரிக்கு ஒரு ராத்திரிக்கு 300 ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். லாரியில் 20 டன் ஜவ்வரிசி. அதாவது 20,000 கிலோ. 300 ரூபாயை 20,000-ஆல் வகுத்தால் ஒரு கிலோவுக்கு ஒன்றரை பைசா. மூன்று ராத்திரி வழியில் தங்கினாலும் நாலரை பைசா. உங்கள் வீட்டுப் பாயசத்துக்குக் கால் கிலோ ஜவ்வரிசி வாங்கினால், ஒரு பைசா சொச்சம். அந்த ஒரு பைசாவுக்காகத்தான் ஒரு மனிதனை ராத்திரி முழுக்க முழிக்க வைத்திருக்கிறோம்!

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. லாரி வாடகை பேசும்போது 'நிறுத்துமிடக் காவல்' என்று ஒரு வரி எழுதுங்கள், அதைச் சரக்குக்காரர் கொடுக்கட்டும். டோல் வசூலிக்கிற ரோட்டில் காவலோடு ஒரு நிறுத்துமிடம் கொடுப்பது, டோல் வாங்குகிறவரின் கடமை என்று ஒப்பந்தத்திலேயே சேருங்கள். ஓமலூரில் கட்டி, வைகுந்தத்தில் கட்டி, மேட்டுப்பட்டியில் கட்டி, ரோட்டுக்குக் காசு கொடுத்தவனுக்கு ரோட்டோரத்தில் ஒரு ராத்திரிப் பாதுகாப்பு கேட்க உரிமை இல்லையா? நாலு மூட்டை போனாலும் நாற்பது மூட்டை போனாலும், புகாரை வாங்கி, ரசீது கொடுத்து, வண்டியை உடனே அனுப்புங்கள். டிரைவர் சம்பளத்தில் ஷார்ட்டேஜ் பிடிப்பதை நிறுத்துங்கள்.

லாரி ஓட்டாத நமக்கு இதில் என்ன? என்ன என்று சொல்கிறேன்.

அன்று ராத்திரி மூன்றேகால் மணிக்கு அந்த டிரைவர் டீ கிளாஸை வைத்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. கண்டெய்னரைச் சுவரிலிருந்து பிரித்து ஒரு சுற்று சுற்றி வந்தார். பூட்டைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். கேபினில் தொங்கிய ஆஞ்சநேயர் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வரனுங்க" என்றார். வண்டி ரோட்டில் ஏறியது.

சரக்கு பத்திரமாக இருந்தது. ஒரு மூட்டைகூடக் குறையவில்லை. குறைந்தது தூக்கம் மட்டும்தான். நிறுத்திய இடத்தில் தூங்க விடாத தூக்கம், எங்கேயும் போய்விடாது. விடியற்காலை நாலு மணிக்கு, ஓடுகிற வண்டியில் வந்து கண்ணைச் சொருகும். அப்போது எதிரில் வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பது நீங்களாக இருக்கலாம். நானாக இருக்கலாம்.

கிலோவுக்கு ஒன்றரை பைசா. கொடுத்துவிடலாமே!